மதில் வந்த ஒழுங்கையில மரமும் குளமும் தப்புமா?

ஒழுங்கைக்காரன் | ஓகஸ்ட் 24

யாழ்ப்பாணத்தில நல்லூர்ப் பக்கம் ஒரு ஒழுங்கை. ரெண்டு கரையும் கதியால் (ஊண்டித் துளிர்க்கிற பச்சைத்தடி) வேலியா இருந்த இடத்தில இப்ப ஆறடி மதில். முற்றத்துக்கு இன்ரலொக் கல். மழை பெய்தால் ஒழுங்கைதான் வாய்க்கால். மூலையில இருக்கிற சின்னக் குளத்தைத் தூர்வாரி, சுத்திக் கட்டுக் கட்டி நடைபாதை போடப்போகினமாம்.

நான் சொல்லுறது இதுதான்: ரவுணுக்குள்ள பசுமை எண்டால் பொது இடம்தான். தனியார் வளவை, அதாவது வீட்டுக் காணியை, நம்பிப் பிரயோசனமில்லை. குளத்தடியில 50 மரக்கன்று நட்டால் காணும். பிழையெண்டால் சொல்லுங்கோ.

இன்னொண்டு. எல்லையில ஒரு வேம்பு நிக்குது, அடிமரம் 14 அங்குலக் குறுக்களவு. மதிலுக்கு அத்திவாரம் வெட்டினால் தப்புமோ?

கதியால் | ஓகஸ்ட் 24

பிழைதான் தம்பி. ரவுணுக்குள்ள பூங்கா எண்டு சொல்ல எத்தினை இருக்கு? சுப்பிரமணியம் பூங்கா, கச்சேரியடிப் பழைய பூங்கா. பழைய பூங்காவும் வெள்ளைக்காரன் காலத்தில இங்க அரசாங்க அதிபரா இருந்த டைக் எண்டவரின்ர புண்ணியம். மிச்ச நிழல் முழுக்க வளவுக்குள்ள நிக்குது: மா, பலா, வேம்பு, கிணத்தடிக் கமுகு. வளவைச் சீமெந்து மூடினால் குளத்தடியில 50 இல்லை, 500 நட்டாலும் ஈடாகாது.

வேம்புக் கணக்கு லேசு. அடிமரம் எத்தினை அங்குலமோ, அத்தினை அடி தூரத்துக்கு வேரைத் தொடாமல் விடுறது உத்தமம். உங்கட மரத்துக்கு 14 அடி. எல்லை மரத்தில அது நடவாத காரியம், சரி. ஆனால் குறுக்களவின்ர மூண்டு மடங்குக்குள்ள, அதாவது மூண்டரை அடிக்குள்ள, வெட்டவே கூடாது. அதுக்குள்ள இருக்கிறது மரத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேர். அதை அறுத்தால் மரம் உடன விழாது. ரெண்டு வருசம் பச்சையா நிண்டுபோட்டு, ஒரு கார்த்திகைக் காத்தில, மண் ஊறியிருக்கேக்கை, வேரோட சாயும். பிறகு "வேம்பு ஆபத்தான மரம்" எண்டு ஊரெல்லாம் கதை.

மரத்தடியில தொடர் அத்திவாரம் போடாதேங்கோ. தூண் போட்டு மேல பீம் ஓட்டுங்கோ. தூண் கிடங்கை அலவாங்கால (கடப்பாரையால) கையால தோண்டவேணும், பெக்கோ (மண் வெட்டுற மிசின்) வேண்டாம். ரெண்டு அங்குலத்துக்கு மேல மொத்தமான வேர் வந்தால் தூணை ஒரு முழம் தள்ளுங்கோ. சின்ன வேரை வாளால நேரா அறுக்கவேணும். பெக்கோ வாளி இழுத்துப் பிய்ச்ச வேர் உள்ளுக்கால அழுகிக்கொண்டு போகும்.

சாந்தகப்பை | ஓகஸ்ட் 25

கதியால் அண்ணை சொன்ன பீம் விசயத்துக்கு அளவும் சொல்லிவிடுறன், இல்லாட்டி மேசன்மார் சிரிப்பினம். தூணுக்குத் தூண் 8 அடி, மரத்துக்கு நேரா மட்டும் 10 அடி. பீம் 9க்கு 9 அங்குலம், 12 மி.மீ. கம்பி நாலு, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம். அதுக்கு மேல 6 அங்குலக் கல்லில ஆறடி மதில் நிக்கும். பீமின்ர அடிக்கும் மண்ணுக்கும் இடையில 4 அங்குலம் விடுங்கோ. வேர் மொத்திக்க இடம் வேணும், இல்லாட்டி பீமைத் தூக்கி வெடிக்கப்பண்ணும். அந்த இடைவெளியைச் சீமெந்தால பூசி "வடிவாக்க" ஒருத்தரையும் விடாதேங்கோ.

ஒழுங்கைக்காரன் | ஓகஸ்ட் 25

அப்ப மதிலில தண்ணி போக ஓட்டை?

கதியால் | ஓகஸ்ட் 25

பத்தடிக்கு ஒண்டு, 4 அங்குலப் பைப், நிலமட்டத்தில. வாயில வலை.

நீர்மட்டம் | ஓகஸ்ட் 26

மேலே சொன்ன ஓட்டையை அப்படியே எல்லா இடத்திலும் வைக்க வேண்டாம். ஒழுங்கை உங்கள் முற்றத்தைவிட உயரமாக இருந்தால் (தார் மேல் தார் போட்டு இப்போது பெரும்பாலும் அப்படித்தான்) தெருவின் எண்ணெயும் குப்பையும் அந்த ஓட்டை வழியே நேராகக் கிணற்றடிக்கு வரும். முற்றம் உயரமாக இருந்தால் உங்கள் நல்ல மழைநீர் வெளியே போகும். இரண்டுமே நட்டம். ஓட்டை வைப்பதென்றால் கிணற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், உள்ளே நாலடி அகலப் புல்தரை இருக்கும் இடத்தில் மட்டும்.

வளவை ஏன் பெரிதாகப் பேசுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். வருடத்துக்கு 1200 மி.மீ. என்று வைத்தால் ஒரு பரப்பில் விழுவது மூன்று லட்சம் லீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் விழுந்து தீர்ந்துவிடும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலேரியைச் சேருகிறது. ஆகவே நிலத்துக்குள் இறங்கியதுதான் அடுத்த புரட்டாதி வரை கிணற்றில் இருப்பது.

அந்த நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் என்பது பொதுவான கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும். "கிணறு சவராப் போச்சு" என்கிறார்களே, அதன் விளக்கம் இதுதான்.

சாந்தகப்பை | ஓகஸ்ட் 27

இன்ரலொக் கல்லைச் சும்மா திட்டக்கூடாது. கல்லுக்குக் கல் இடைவெளியால தண்ணி இறங்கும். கொங்கிறீற்றை விட எவ்வளவோ மேல்.

நீர்மட்டம் | ஓகஸ்ட் 29

கல்லால் இறங்கும், அடித்தளத்தால் இறங்காது. இங்கே போடும் முறை என்ன? கிரவல் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கி, அதன்மேல் கல்தூளில் சீமெந்து கலந்து பரப்பி, கல் அடுக்கி, இடைவெளிக்குள்ளும் அதே தூளைக் கூட்டி விடுகிறார்கள். ஒரு மாரி போனதும் அது தட்டுப் போல இறுகிவிடும். தண்ணீர் இறங்க வேண்டுமென்றால் அடியில் தூள் இல்லாத முக்கால் அங்குலச் சல்லி 6 அங்குலம், மேலே கால் அங்குலச் சல்லி 2 அங்குலம், இடைவெளிக்கும் அதே சின்னச் சல்லி. சீமெந்து ஒரு கரண்டிகூட வேண்டாம். மணல் போட்டால் எறும்பு கிண்டி எடுத்துவிடும் என்பார்கள். அது உண்மை, அதனால்தான் சல்லி.

சாந்தகப்பை | ஓகஸ்ட் 29

கார் ஏத்தினால் கல் ஆடும்.

நீர்மட்டம் | ஓகஸ்ட் 29

ஆடும், விளிம்புக் கல் புதைக்காவிட்டால். இரண்டு டயர் ஓடும் தடத்துக்கு மட்டும் கல் போட்டு நடுவில் புல் விடுங்கள். செலவும் பாதி.

சாந்தகப்பை | செப்டெம்பர் 3

ஓம், தோத்துட்டன். கூரைத் தண்ணிக்கு ஒரு உறிஞ்சு கிடங்கு வெட்டுறதெண்டால் 4க்கு 4 அடி, ஆழம் 5 அடி, கருங்கல் நிரப்பிவிட்டால் 2265 லீற்றர் பிடிக்கும். 1000 சதுர அடி வீட்டுக்குக் காணும்.

நீர்மட்டம் | செப்டெம்பர் 4

மூன்று பிழை, ஒவ்வொன்றாக.

2265 லீற்றர் வெறும் கிடங்குக்கு. கல் நிரப்பினால் கல்லிடுக்கு மட்டும்தான் மிச்சம், நூற்றுக்கு 40 என்று வைத்தால் 900 லீற்றர். 1000 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. மழை 4600 லீற்றர் தரும். கார்த்திகையில் 50 மி.மீ. ஒன்றும் பெரிய மழை இல்லை.

ரவுணுக்குள் பல இடங்களில் ஐந்தடி போகமுன்னமே பாறை வரும். பாறை வெடிப்பைத் திறந்துவிட்டால் தண்ணீர் வேகமாகப் போகும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் வடிகட்டாத தண்ணீர் அது. பக்கத்துக் கிணற்றில் போய் எழும்பும். மலசலகூடக் குழியால் ஏற்கெனவே நைத்திரேற்று ஏறிய ஊர் இது, குடிதண்ணீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. பாறைக்கு ஓரடி மேலே கிடங்கை நிறுத்தி, அடியில் ஓரடி மணல் போடுங்கள்.

மூன்றாவது பலர் கவனிக்காதது. மார்கழியில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடும். தாழ்ந்த வளவுகளில் ஆழக் கிடங்கு அப்போது தானே நிரம்பிக் கிடக்கும், கூரைத் தண்ணீர் எங்கே போகும்? ஆகவே ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். மதிலோரமாக 30 அடி நீளம், 4 அடி அகலம், சராசரி 9 அங்குல ஆழத்தில் ஒரு பள்ளம். அது 2500 லீற்றர் பிடிக்கும், புல்லும் முளைக்கும். தோண்டிய மண்ணை மரத்தடியில் குவிக்க வேண்டாம், அடிமரம் மூடினால் பட்டை அழுகும்.

முதல் மழை அழுக்கைக் கழிக்க மூன்றடிப் பைப் ஒன்றை நிமிர்த்தி வைத்து மூடி போட்டுத் திருப்திப்படுகிறார்கள். 4 அங்குலப் பைப் ஒரு மீற்றருக்கு 8 லீற்றர்தான் பிடிக்கும். 1000 சதுர அடிக் கூரைக்குக் குறைந்தது 90 லீற்றர் கழிக்கவேண்டும். அதற்குப் பீப்பாதான் சரி, அடியில் சொட்டுவிடும் துளையோடு.

கதியால் | செப்டெம்பர் 4

சாந்தகப்பைத் தம்பி மூண்டு அடி வாங்கினது பாவம். ஆனால் பள்ளம் எண்ட சொல்லைக் கேட்டவுடனை வீட்டில அம்மாமார் "நுளம்பு" எண்டுவினம். அதுக்கும் பதில் சொல்லுங்கோ.

நீர்மட்டம் | செப்டெம்பர் 5

நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை தொடக்கம் பத்து நாள் எடுக்கும். பள்ளம் இரண்டு மூன்று நாளில் வற்றவேண்டும். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு அடி ஆழச் சின்னக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஒருமுறை ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாவது தடவை ஒரு நாளில் இறங்காவிட்டால் அந்த இடம் சரியில்லை, தள்ளி வெட்டுங்கள். டெங்கு நுளம்புக்குப் பள்ளத்தைவிடச் சிரட்டையும் மூடாத தண்ணீர்த் தாங்கியும்தான் பிடித்த இடம்.

நீர்மட்டம் | செப்டெம்பர் 15

குளம் பற்றி முதலில் கேட்டதற்கு ஒருவரும் சரியாகப் பதில் சொல்லவில்லை, நானும்தான்.

2021 இல் ஆரியகுளம் நடைபாதையோடு திறந்த பிறகு எல்லோருக்கும் தங்கள் குளமும் அப்படி வேண்டும் என்று ஆசை. நடைபாதையில் எனக்கு வழக்கு இல்லை. ஆள் நடமாட்டம் இருந்தால் குப்பை கொட்டுவதும் ஓரடி ஓரடியாக எல்லையை அரக்குவதும் குறையும். ஆனால் ஒரு சின்னக் குளத்தில் முதலில் பார்க்கவேண்டியது கரையல்ல, வாய்க்கால். எந்தெந்த ஒழுங்கைத் தண்ணீர் அதற்குள் வந்தது? இப்போது அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பெரும்பாலும் புதிய கொங்கிறீற் வடிகால் அதை நேரே கடலேரிக்குக் கொண்டுபோகும். பிறகு குளத்துக்கு அதன்மேல் விழும் மழை மட்டும்தான் வரும்.

மழை பெய்யும் நேரத்தில் குடையோடு நடந்து தண்ணீர் ஓடும் திசையைக் கடதாசியில் அம்புக்குறியாகக் கீறுங்கள். அடைபட்ட மதகுகளைக் குறியுங்கள். மாநகர சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ கொடுக்கும் கடிதத்தில் "குளத்தைக் காப்பாற்றுங்கள்" என்ற வசனத்தைவிட அந்தக் கீறலுக்குத்தான் பதில் வரும்.

தூர்வாருவதில் கவனம். ஆடி ஆவணியில், வற்றிய நேரத்தில், கறுப்புச் சேற்றை மட்டும் எடுக்கவேண்டும். வெள்ளை அல்லது மஞ்சள் கல் தெரிந்தால் நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டடி போனால் கன தண்ணி நிக்கும்" என்று பெக்கோக்காரர் சொல்வார். நில்லாது. கல்லைத் திறந்தால் மாரித் தண்ணீர் கீழே ஓடிவிடும், கடலேரிக்குக் கிட்ட என்றால் கோடையில் உவர் மேலே வரும்.

கரையை நிமிர்ந்த சுவராகக் கட்டினால் ஆமை, தவளை ஏறாது, விழுந்த மாடும் ஏறாது. ஓரடி இறக்கத்துக்கு இரண்டடி சாய்வாக மண் கரை, புல். சுவர் கட்டியே தீருவோம் என்றால் ஒரு பக்கமாவது சாய்வாக விடச் சொல்லுங்கள். தண்ணீர் வரும் வாயில் 3க்கு 3 அடி, 2 அடி ஆழத்தில், அடித்து வரும் மண் படிய ஒரு தொட்டி, முன்னால் கம்பித் தடுப்பு. மாரிக்குள் இரண்டு தடவையாவது அதைத் துப்புரவாக்க ஆள் இல்லாவிட்டால் கட்டவே வேண்டாம். அடைத்துக்கொண்டு தெருவை வெள்ளமாக்கும்.

கதியால் | செப்டெம்பர் 16

ஆகாயத்தாமரை எடுக்கிற ஆக்கள் அதைக் கரையிலயே குவிக்கினம். அழுகின சாறு திரும்பக் குளத்துக்குள்ள போய் அடுத்த பயிருக்குப் பசளையாகுது. குறைஞ்சது பத்தடி தள்ளி. தென்னைக்குத் தாட்டால் இன்னும் நல்லம்.

நாலுபரப்பு | செப்டெம்பர் 28

ரொறன்ரோவிலயிருந்து கேக்கிறன். கொக்குவில் பக்கம் பூட்டின வீடு, நாலு பரப்பு வளவு, காடு பத்திக் கிடக்காம். ஒரு நாள் பெக்கோ விட்டால் வெளியாகிடும் எண்டு சொல்லுகினம். மழைக்கு முதல் செய்யிறது நல்லமோ?

கதியால் | செப்டெம்பர் 28

விடாதேங்கோ. உங்கட வளவு இப்ப வருசம் ஏறத்தாழ 12 லட்சம் லீற்றர் மழையைக் குடிச்சுக்கொண்டு இருக்கு, அயல் கிணறெல்லாம் உங்களுக்குக் கடன். மேல்மண் அங்கங்க முக்கால் அடிதான் இருக்கும். பெக்கோ அதைத்தான் முதல் வழிக்கும். பிறகு வெறும் நிலத்தில பாத்தீனியம் வரும். அது வந்தால் பழைய காடு எவ்வளவோ மேல் எண்டு படும்.

கத்தி, மண்வெட்டியோட ரெண்டு பேரை விடுங்கோ. வீட்டைச் சுத்திப் பத்தடிக்கு ஒட்ட வெட்டு, மிச்சத்துக்கு முழங்கால் உயரம். வெட்டினதை எரிக்காமல் மரத்தைச் சுத்தி நாலங்குலத் தடிப்பில பரப்புங்கோ, அடிமரத்திலயிருந்து ஒரு சாண் தள்ளி. பாத்தீனியத்தைப் பூக்க முதல் கையுறை போட்டுப் பிடுங்கவேணும். கிணத்துக்கு வலை. கூரைப் பீலி, சிரட்டை, உடைஞ்ச சட்டி எல்லாம் பாக்கச் சொல்லுங்கோ, நுளம்புக் கேஸ் உங்கட பேரில வரும்.

பெண் பனை, பலா, ஈரப்பலா தறிக்க அனுமதி வேணும். முதல்ல கிராம சேவகரைக் கேட்கச் சொல்லுங்கோ. "வெளிநாட்டுக்காரற்ற காணிதானே" எண்டு ஒருத்தர் பனையை லொறியில ஏத்தினால் பதில் சொல்லவேண்டியது உங்கட அற்றோணிக்காரர்.

ஒழுங்கைக்காரன் | ஒக்டோபர் 5

மதில் கட்டக் காசு காணாது, பின்பக்கத்துக்குக் கதியால்தான். என்ன வைக்கிறது?

கதியால் | ஒக்டோபர் 6

இந்தக் கேள்விக்குத்தான் ஆறு கிழமையா இருக்கிறன்.

கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை மூண்டையும் கலந்து போடுங்கோ. ஒண்டுக்கு வருத்தம் வந்தால் வேலி முழுக்கப் போகாது. முள்முருக்கு நல்ல மரம், ஆனால் இலையில கொப்புளம் கட்டுற குளவி வந்த பிறகு நம்பேலாது, பத்துக்கு ஒண்டு காணும்.

ஆறடி நீளம், மணிக்கட்டு மொத்தம், நேரான தடி. பச்சைப்பட்டை விடுத்து முத்தினதாப் பாருங்கோ. அடியைச் சரிவா ஒரே வெட்டில வெட்டவேணும், நைஞ்ச பட்டை வேர் விடாது. கிளுவையை ஒரு கிழமை நிழலில நிமிர்த்தி வைச்சு வெட்டுவாய் காயவிடுங்கோ. சீமைக்கிளுவைக்கு ரெண்டு நாள். அடியையும் நுனியையும் மாத்திப்போடாமல் நுனியில சாணி உருண்டை வையுங்கோ. அது அடையாளம், நுனி காயாமலும் காக்கும்.

ஊண்டேக்கை சுத்தியலால அடிக்கவே கூடாது. நுனி பிளந்து, அடிப் பட்டை உரிஞ்சு, பத்து நாளில கறையானுக்குச் சாப்பாடு. அலவாங்கால ஒண்டேகால் அடிக்குத் துளை போட்டு, தடியை இறக்கி, மண்ணை மிதிச்சு இறுக்கவேணும். தடி ஆடினால் வந்த வேர்நுனி அறுந்துபோகும். ஒரு அடிக்கு ஒண்டு. குறுக்கால ரெண்டு வரிச்சுக் கட்டுங்கோ, கட்டுக் கம்பியால இல்லை, கயிறால. கம்பி ரெண்டு வருசத்தில பட்டைக்குள்ள புதைஞ்சு கழுத்தை நெரிக்கும். முதல் நல்ல மழைக்குப் பிறகு ஊண்டுங்கோ.

ஒழுங்கைப் பக்கம் மரம் வைக்கிறதெண்டால் மின்கம்பிக்குக் கீழ பூவரசு, புங்கை. வேம்பு கம்பி இல்லாத பக்கம். இலுப்பை, மருது குளக்கரைக்கு, கட்டிலயிருந்து பத்தடி தள்ளி. கிடங்கு மூண்டடிச் சதுரம், மேல்மண் மூண்டு கூடைக்கு மாட்டெரு ஒண்டு. சோளகத்துக்கு (தென்மேற்குக் காத்துக்கு) கன்று சாயும், மேற்குப் பக்கம் ஒரு தடி. ஆட்டுக்குக் கருக்குமட்டை அடைப்பு. தை தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கிழமைக்கு ரெண்டுதரம் ஒரு வாளித் தண்ணி, ரெண்டு வருசத்துக்கு. உங்கட 50 கன்றுக்கு அந்தத் தண்ணியை ஆர் ஊத்துறது எண்டு முதல்ல எழுதி வைச்சுப்போட்டு எண்ணிக்கையைத் தீர்மானியுங்கோ.

நாலுபரப்பு | ஒக்டோபர் 7

பனை?

கதியால் | ஒக்டோபர் 7

பனங்கொட்டையை நிக்கவேண்டிய இடத்திலயே ஊண்டவேணும், பிடுங்கி நட வராது. பத்தடிக்கு ஒண்டு. தண்ணி, பசளை ஒண்டும் கேளாது. ஒரே எதிரி தை மாசம்: கிழங்கெண்டு அயலட்டை கிண்டிக்கொண்டு போகும்.

சாந்தகப்பை | ஒக்டோபர் 9

ஆக்கள் மரம் தறிக்கிறது மதிலுக்காக இல்லை, குப்பைக்காக. பங்குனியில வேப்பஞ்சருகு, முருங்கையில மசுக்குட்டி, பீலிக்குள்ள இலை. அதுக்கு என்ன சொல்லுறியள்?

கதியால் | ஒக்டோபர் 9

கூட்டவேணும் எண்டுதான் சொல்லுறன். பீலிக்கு வலை போடலாம். கூரைக்கு மேல வாற கொப்பை மட்டும் எடுக்கலாம். முதல் அடிமரத்திலயிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கமா மூண்டில ஒரு பங்கு அறு, பிறகு அதுக்கு ஒரு அங்குலம் வெளிய மேலயிருந்து அறுத்து விழுத்து, கடைசியாக் கொப்பு மரத்தில பொருந்துற மொழிக்கு (வீங்கின இடத்துக்கு) வெளிய சுத்தமா வெட்டு. முதலே மேலயிருந்து அறுத்தால் கொப்பு விழேக்கை பட்டையை உரிச்சுக்கொண்டு போகும். வெட்டுவாயில தார் பூசாதேங்கோ, ஈரம் உள்ளுக்க அடைபட்டு அழுகும். தலையை மொட்டையா வெட்டினால் நாலு மடங்கு கிளை வெடிக்கும், பிடிமானமில்லாத கிளை, குப்பையும் நாலு மடங்கு.

ஒழுங்கைக்காரன் | நவம்பர் 21

நேற்றையான் மழைக்கு ஓட்டைப் பைப் மூண்டில ரெண்டு அடைச்சுப்போட்டுது. பொலித்தீன்.

நீர்மட்டம் | நவம்பர் 21

வலைக் கண் சின்னது. அரை அங்குலக் கண் போடுங்கள், பைப்பின் வாயில் ஒட்டாமல் ஓரடி முன்னால் கூடு மாதிரி. தட்டையாக ஒட்டினால் ஒரு பை போதும் மூட.

நான் செப்டெம்பரில் சொன்ன பள்ளத்திலும் ஒரு திருத்தம். தலைப்பில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நாலு கருங்கல் போடச் சொல்ல மறந்துவிட்டேன். இல்லாவிட்டால் மண் அரித்துப் பள்ளத்தின் அடியில் மெழுகின மாதிரிப் படியும், பிறகு தண்ணீர் இறங்காது. படிந்திருந்தால் வற்றிய பிறகு மேல் அரை அங்குலத்தை வழித்து எடுங்கள்.

ஒழுங்கைக்காரன் | ஜனவரி 12

வேலி நிலவரம்: கிளுவை எல்லாம் துளிர். சீமைக்கிளுவையில மூண்டு மட்டும் காய்ஞ்சது. முள்முருக்கு நாலில ஒண்டு தலைகீழா ஊண்டுப்பட்டிருக்கு, சாணி உருண்டை மண்ணுக்குள்ள! குளத்துக்கு ரெண்டு மதகு திறந்தாச்சு, நடைபாதைக் கதை இன்னும் முடியேல்லை. கன்று 50 இல்லை, 12 தான் வைச்சனாங்கள், தண்ணி ஊத்த ஆறு வீடு.

கதியால் | ஜனவரி 12

12 காணும். முருக்கைப் பிடுங்கிப் போட்டு வேற தடி இப்பவே ஊண்டுங்கோ, ஈரம் இருக்கேக்கை. துளிர்விட்டதில ஆட்டுக்கு எண்டு இந்த வருசம் குழை முறிக்க விடாதேங்கோ.

சாந்தகப்பை | ஜனவரி 13

வேம்புப் பக்கப் பீம் இடைவெளியை ஆரோ சாந்தால பூசியிருக்கினமாம் எண்டு கேள்வி. நான் இல்லை.